நீரிழிவுக்கு இரண்டாவது குளிசை

நீரிழிவு, சலரோகம், சீனி வியாதி என்று நம்மவர் பல பெயரால் வழங்கும் நோய்க்கு உணவுக் கட்டுப்பாடும் தேக அப்பியாசமும் எத்துணை இன்றியமையாதன என்பதை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவற்றை நான் இன்று மீண்டும் கூறப்போவதில்லை. ஒரேயொரு குளிசையோடு காலங்கழித்துவந்த நோயாளியிடம், "இனி இதனோடு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும்" என்று வைத்தியர் கூறும் நாள் ஒன்று பெரும்பாலும் வந்தே தீருகிறது. அந்த இரண்டாவது குளிசை எதுவாக இருத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதனைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்துக் கந்தசஷ்டி விரதத்தின் ஆறாம் நாள். எழுபத்திரண்டு வயதான இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர். எனக்கு நெடுங்காலப் பழக்கமானவர். விரதத்திலும் வழுவாதவர், மருந்திலும் வழுவாதவர். ஐந்து நாளும் ஒருவேளை பாலும் பழமும் உண்டு, ஆறாம் நாள் முற்றாக உபவாசம் இருந்தார். அன்று காலை நீராடி, வழக்கம்போல் இரண்டு குளிசைகளையும் விழுங்கிவிட்டுக் கோயிலுக்குப் போனார். சூரன்போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த வேளையில், வீதியிலே நின்றவர் தொடர்பின்றிப் பேசத் தொடங்கினார், உடலெல்லாம் வியர்த்தது, சிறிது நேரத்தில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றே யாவரும் எண்ணினர். வைத்தியசாலையில் விரல்நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தபோது சீனி 38 மில்லிகிராம் என்று காட்டிற்று. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு என்று கொள்ளுகிறோம். நாளத்தினூடாகக் குளுக்கோசு ஏற்றியதும் கண்விழித்தவர், சூரனுடைய தலை விழுந்துவிட்டதா என்று கேட்டார். சூழ நின்றவர்கள் சிரித்துவிட்டோம். நள்ளிரவில் மீண்டும் அவருக்குச் சீனி இறங்கியது. அப்பொழுது ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் உட்கொண்ட குளிசைகளில் ஒன்று மெற்போமின், மற்றது கிளிபென்கிளமைட். மெற்போமின் தனியே நின்றிருந்தால் இவ்வாறு நேர்ந்திராது. இரண்டாவது குளிசையை எழுதிக்கொடுத்தவர், "நீங்கள் விரதம் பிடிப்பவரா?" என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவரை இடையிடையே கண்டு பேசிவந்த நானும் கேட்கவில்லை. மறுநாட் காலையில் அவருடைய மகன் என்னிடம் ஒரு கேள்வி போட்டார்: "டொக்டர், இருக்கிற குளிசைகளுக்குள்ளே பலமானது எது? அதையே அப்பாவுக்குக் கொடுக்கலாமே." நியாயமான கேள்விதான். ஆயினும், அந்தக் கேள்வியே இவ்விடயத்தில் நம்மை வழிதவறச் செய்வது என்பதை விளக்குவதற்கு எனக்கு அன்று நேரம் போதவில்லை. இன்று சிறிது நேரம் கிடைத்திருக்கிறது.

முதலில், ஒரு குளிசை ஏன் போதாமற் போகிறது? நோயாளி பத்தியம் மீறியதனாலேதான் என்று வீட்டார் குற்றஞ்சாட்டுவதும், மருந்து பழுதானது என்று நோயாளி குற்றஞ்சாட்டுவதும் வழக்கம். உண்மையில் நோயின் இயல்பே அது. இரண்டாம் வகை நீரிழிவிலே, சதையி என்னும் உறுப்பு சுரக்கும் இன்சுலின் உடலில் முன்போலச் செவ்வையாக வேலை செய்வதில்லை. அக்குறையை ஈடுசெய்ய முயன்று சதையியும் ஆண்டுதோறும் களைத்துப்போகிறது. பிரித்தானியாவில் 1977ஆம் ஆண்டு தொடங்கி இருபது ஆண்டுகள் நடைபெற்ற பேராய்வு ஒன்று 5,102 நோயாளரைத் தொடர்ந்து கவனித்தது. மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் பரிசோதனை, அதாவது வைத்தியர்கள் எச்.பி.ஏ.ஒன்.சி. என்று துண்டில் எழுதுவது, 7 வீதத்துக்குக் கீழே நிற்கவேண்டும் என்பது பொதுவான இலக்கு. ஒரே மருந்தினால் அவ்விலக்கில் நின்றவர்கள் மூன்று ஆண்டு முடிவில் ஏறத்தாழப் பாதிப்பேர். ஒன்பது ஆண்டு முடிவில் நாலில் ஒரு பங்கினரே. ஆகவே இரண்டாவது குளிசை தண்டனையன்று, காலத்தின் கணக்கு.

முதற்குளிசையாகிய மெற்போமினைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். ஐரோப்பாவில் ஆட்டுத்தீனியாகவும் பச்சிலை மருந்தாகவும் வழங்கிய ஊதாப்பூச் செடி ஒன்றின் சத்தைத் தேடிப்போன வழியிலே பிறந்த மருந்து இது. 1922இல் டப்ளின் நகரத்து ஆய்வுகூடத்தில் முதலில் ஆக்கப்பட்டது. பிரான்சு தேசத்து வைத்தியர் ஜீன் ஸ்ரேண் 1957இல் அதனை நீரிழிவு நோயாளருக்குக் கொடுத்துக் கண்ட பயனை வெளியிட்டார். இதன் வேலை பெரும்பாலும் ஈரலில் நிகழ்வது. ஈரலை ஒரு நெற்களஞ்சியமாக எண்ணிக்கொள்ளுங்கள். நாம் உண்ணாத இரவு வேளையில் அது தன் கதவைத் திறந்து சீனியை இரத்தத்தில் விடும். நீரிழிவிலே களஞ்சியக் காவலன் கணக்கின்றி அள்ளிவிடுகிறான். மெற்போமின் அவன் கையைப் பிடிக்கிறது. சதையியை அது அடித்து வேலை வாங்குவதில்லை. எனவே தனியே உட்கொண்டால் சீனியை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது, உடலும் பெருப்பதில்லை, விலையும் மலிவு. வயிற்றுக் குழப்பம் சிலருக்கு உண்டு. சாப்பாட்டோடு சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனால் பெரும்பாலோர்க்குத் தணியும். நெடுங்காலம் உட்கொள்ளுவோருக்கு பி-12 என்னும் உயிர்ச்சத்துக் குறையலாம். சிறுநீரகம் மிகவும் பழுதுற்றவர்க்கு இதனைக் கொடுத்தலாகாது.

இனி இரண்டாவது குளிசை. இங்கே ஒரு விதியை மனத்திற் பதித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். இரண்டாவது மருந்து முதலாவது சென்ற வழியாலேயே செல்லக்கூடாது. ஒரே வாசலை இரண்டு பேர் காப்பதனால் மற்ற வாசல் அடைபடாது. மெற்போமின் ஈரலின் வாசலில் நிற்கிறது. எஞ்சியுள்ள வாசல்கள் எவை? சதையி ஒன்று, குடல் ஒன்று, சிறுநீரகம் ஒன்று, தசையும் கொழுப்பும் ஒன்று.

சதையியின் வாசலில் நிற்பவை சல்பொனைல்யூரியா என்னும் குடும்பத்து மருந்துகள். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், கிளிமிப்பிரைட் ஆகியன இக்குடும்பத்தின. முந்திய தலைமுறையினர் உட்கொண்ட ரொல்பியூற்றமைட்டும் இதிலே சேர்ந்ததே. இவற்றின் பிறப்பு வரலாறு சற்று விரித்துச் சொல்லத்தக்கது. 1942ஆம் ஆண்டு, உலகயுத்தத்தின் நடுவே, பிரான்சின் தென்பகுதியிலுள்ள மொன்பெலியே நகரத்தில் மார்சல் ஜான்போன் என்னும் வைத்தியர் நெருப்புக்காய்ச்சல் கண்டவர்களுக்குப் புதிய சல்பா மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். யுத்தகாலப் பஞ்சத்தால் நன்கு உண்ணாதிருந்த நோயாளர் பலர் வியர்த்து மயங்கினர், இறந்தோரும் உண்டு. காய்ச்சலால் வந்த மயக்கமன்று அது. இரத்தத்தில் சீனி இறங்கியதனால் வந்தது என்று கண்டார்கள். அவருடைய நகரத்தவரான லுபாத்தியேர் என்னும் உடற்றொழில் அறிஞர் நாய்களில் ஆராய்ந்து, அம்மருந்து சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்று நிறுவினார். ஓரிடத்தில் விபத்தாக நேர்ந்தது மற்றோரிடத்தில் மருந்தாயிற்று. 1950களின் நடுப்பகுதியில் ஜேர்மனியில் இவ்வினக் குளிசைகள் நீரிழிவுக்கு வழங்கப்பட்டன. ஊசி ஒன்றே கதி என்றிருந்த காலத்தில் குளிசையால் நீரிழிவை அடக்கலாம் என்ற செய்தி எத்தகைய நிம்மதியைக் கொடுத்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் பிறவிக்குணம் மாறுவதில்லை. பட்டினி கிடந்தவர்களை மயக்கிய அந்தக் குணம் இக்குடும்பத்தை விட்டு இன்றும் அகலவில்லை. இம்மருந்து இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இரண்டு நிலையிலும் சதையியைச் சாட்டையால் அடித்து ஓட்டும். உணவு நேரத்துக்கு வந்தால் நல்லது. வரத் தவறினால் தபாலதிபருக்கு நேர்ந்ததே நேரும். கிளிபென்கிளமைட்டுக்கு மேலும் ஒரு தீக்குணம் உண்டு. ஈரலில் சிதைந்த பின்னரும் அதன் சிதைவுகளிற் சில மருந்தாகவே வேலை செய்யும். சிறுநீரகம் அவற்றை வெளியேற்ற வேண்டும். முதுமையில் சிறுநீரகம் மெலிந்திருந்தால் அவை உடலிலே தங்கிவிடும். குளுக்கோசு ஏற்றிக் கண்விழித்தவர் நள்ளிரவில் மீண்டும் தாழ்ந்தது இதனாலேயே. இம்மருந்தினால் மயங்கியவருக்குச் சீனித்தண்ணீர் பருக்கி, தெளிந்துவிட்டார் என்று வீட்டில் வைத்திருத்தல் கூடாது; வைத்தியசாலையில் ஒரு நாளாவது காவலில் இருக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனமும் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2013ஆம் ஆண்டு முதல், முதியவர்களுக்குக் கிளிபென்கிளமைட்டைத் தவிர்த்துக் கிளிக்கிளசைட்டை விரும்பி வைத்திருக்கிறது.

குடலின் வாசலுக்கு வருவோம். நாம் உணவு உட்கொண்டதும் குடலிலிருந்து ஒரு சுரப்பு புறப்பட்டுச் சதையிக்கு, "சீனி வருகிறது, ஆயத்தமாகு" என்று தூது சொல்லும். அத்தூதனுடைய ஆயுள் சில நிமிடங்களே. இரத்தத்திலுள்ள நொதியம் ஒன்று அவனை விரைவில் அழித்துவிடும். சிற்றாகிளிப்ரின், வில்டாகிளிப்ரின், லினாகிளிப்ரின் என்பவை அந்த நொதியத்தைத் தடுத்துத் தூதனுடைய ஆயுளை நீட்டும் மருந்துகள். உணவு வந்தால்தான் தூது. தூது வந்தால்தான் இன்சுலின். எனவே பட்டினி வேளையில் இவை பெரும்பாலும் வாளாவிருக்கும். உடலைப் பெருப்பிப்பதும் இல்லை. குறை என்னவெனில் இவற்றின் வலிமை நடுத்தரமானது. விலையோ பழைய மருந்துகளினும் கூடியது.

சிறுநீரகத்தின் வாசல் எல்லாவற்றிலும் விந்தையானது. நலமுள்ள ஒருவருடைய சிறுநீரகம் ஒரு நாளில் ஏறத்தாழ 180 கிராம் சீனியை வடித்தெடுத்து, அத்தனையையும் சொட்டும் விடாமல் மீண்டும் இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. எம்பாகிளிபுளோசின், டப்பாகிளிபுளோசின் என்னும் மருந்துகள் அந்தத் திருப்பி அனுப்பும் வாசலைச் சாத்துகின்றன. நீரிழிவு உள்ளவரிடத்தில் நாளொன்றுக்கு அறுபது எழுபது கிராம்வரை சீனி சிறுநீரோடு போய்விடுகிறது. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நோயை அறிந்தார்கள் நம் முன்னோர். அந்த நோய்க்குறியையே இன்று நாம் மருந்தாகக் கொடுக்கிறோம்! இவ்வின மருந்துகளுக்கும் வழிகாட்டியது ஒரு மரமே. அப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பொருள். அது நேரே மருந்தாகப் பயன்படவில்லை. அதன் வழிவந்த குளிசைகள் கைக்கு வர நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

தசையும் கொழுப்பும் இன்சுலினுக்குச் செவிசாய்க்கச் செய்யும் பயோகிளிற்றசோன் என்னும் மருந்தும் உண்டு. விலை மலிவு, சீனியையும் நெடுநாள் அடக்கிவைக்கும். ஆனால் உடலில் நீர் தேங்கும், பாரம் கூடும், எலும்பு முறிவு மிகும். இருதயம் பலவீனமானவர்க்கு ஆகவே ஆகாது.

இப்பொழுது தபாலதிபரின் மகன் கேட்ட கேள்விக்கு வரலாம். மெற்போமினோடு எதைச் சேர்த்தால் சீனி கூடுதலாகக் குறையும்? அமெரிக்காவில் 5,047 பேரைக் கொண்டு இதனையே நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2022இல் வெளிவந்தன. எல்லோரும் மெற்போமின் உட்கொண்டவர்கள். அவர்களை நான்கு பிரிவாக்கி, இரண்டு பிரிவினர்க்கு இருவகை ஊசிகளும், இரண்டு பிரிவினர்க்குக் கிளிமிப்பிரைட், சிற்றாகிளிப்ரின் என்னும் குளிசைகளும் கொடுக்கப்பட்டன. சராசரி ஐந்து ஆண்டுகள் கவனித்தனர். குளிசைப் பிரிவுகளை மட்டும் சொல்லுகிறேன். அக்காலத்துக்குள் 7 வீத இலக்கைத் தாண்டிவிட்டவர்கள் கிளிமிப்பிரைட் பிரிவில் நூற்றுக்கு 72 பேர். சிற்றாகிளிப்ரின் பிரிவில் நூற்றுக்கு 77 பேர். ஊசிப் பிரிவுகளிலும் நூற்றுக்கு 67, 68 பேர் தாண்டினர். வேறுபாடு உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு அன்று. மறுபுறம், பிறர் உதவியின்றி எழும்ப முடியாத அளவு கடுமையான சீனித் தாழ்வு கிளிமிப்பிரைட் பிரிவில் நூற்றுக்கு 2.2 பேருக்கும், சிற்றாகிளிப்ரின் பிரிவில் 0.7 பேருக்கும் நேர்ந்தது.

2019இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கிற்று. பெரும்பாலும் மெற்போமினும் உட்கொண்டுவந்த ஆறாயிரத்துச் சொச்சம் பேரில் ஒரு பாதியினர்க்கு லினாகிளிப்ரினும், மறு பாதியினர்க்குக் கிளிமிப்பிரைட்டும் கொடுத்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் பார்த்தார்கள். மாரடைப்பு, பாரிசவாதம், இருதய நோயால் மரணம் ஆகியவை ஒரு பக்கத்தில் நூற்றுக்கு 11.8 பேருக்கும், மறுபக்கத்தில் 12 பேருக்கும் நேர்ந்தன, ஏறத்தாழச் சமம். சல்பொனைல்யூரியா இருதயத்துக்குக் கேடு என்று 1970ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த ஐயம் கிளிமிப்பிரைட்டைப் பொறுத்தவரை இதனால் பெரிதும் நீங்கிற்று. ஆனால் சீனித் தாழ்வு? சிறிதும் பெரிதுமாக எல்லாவற்றையும் எண்ணினால், லினாகிளிப்ரின் உட்கொண்டோரில் நூற்றுக்கு 10.6 பேர், கிளிமிப்பிரைட் உட்கொண்டோரில் 37.7 பேர். சீனியைக் குறைக்கும் வேலையை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலச் செய்கின்றன. அதற்கு அவை வாங்கும் கூலிதான் வேறு.

சில நேயர்கள் வேறொரு செய்தியைக் கேள்விப்பட்டுக் கலங்கியிருக்கலாம் என்பதனால் அதனையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு குறிப்பிட்ட பிரித்தானியப் பேராய்வின் முடிவுகள் 1998இல் வெளிவந்தபோது அதில் ஒரு புதிர் இருந்தது. உடல் பருத்தவர்களுக்கு முதல் மருந்தாக மெற்போமின் கொடுத்தபோது நீரிழிவு தொடர்பான மரணம் நூற்றுக்கு 42 பங்கு குறைந்தது. ஆனால் ஏற்கெனவே சல்பொனைல்யூரியா உட்கொண்ட 537 பேரில் ஒரு பாதியினர்க்கு மெற்போமினைக் கூட்டியபோது அத்தகைய மரணம் குறையாமல் கூடியதுபோலத் தோன்றியது. இரண்டு மருந்தும் சேர்ந்தால் நஞ்சாகுமோ என்று அப்பொழுது பலர் அஞ்சினர். சிறு தொகையினரிடம் நிகழும் சில மரணங்கள் தற்செயலாலும் ஒரு பக்கம் சாயக்கூடும். இரண்டு பிரிவுகளையும் ஒன்றாகக் கூட்டி ஆராய்ந்தபோது மெற்போமினால் நன்மையே மிகுந்து நின்றது. அவ்விரண்டு குளிசைகளும் சேர்ந்த வைத்தியம் அதற்குப் பின்னரும் உலகெங்கும் தொடர்ந்தது. நானும் அதனைத் தக்கவர்க்குக் கொடுத்து வருகிறேன். என் தபாலதிபர் நண்பருக்கு நேர்ந்ததை அறிந்த பின்னரும் கொடுக்கிறேன். வேளைதவறாது உண்பவர், வயது குறைந்தவர், சிறுநீரகம் நலமாக உள்ளவர், மாதம் ஆயிரக்கணக்கில் மருந்துக்குச் செலவிட முடியாதவர் ஆகியோருக்கு மெற்போமினும் கிளிக்கிளசைட்டும் சேர்ந்த கூட்டு இன்றும் பொருத்தமானதே. சீனி அடங்காமல் கண்ணும் காலும் பழுதாவதைவிட மலிவான குளிசையால் அது அடங்குவது எத்தனையோ மேல்.

ஆனால் இருதய நோய் ஏற்கெனவே வந்தவர்க்கு நான் இவ்வளவு இலேசாக விட்டுவிடமாட்டேன். 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், நீரிழிவோடு இருதய நோயும் இரத்தக்குழாய் நோயும் உடைய 7,020 பேர் சேர்க்கப்பட்டனர். வழக்கமான மருந்துகளோடு எம்பாகிளிபுளோசினும் பெற்றவர்களுள் இருதய நோயால் இறந்தோர் நூற்றுக்கு 3.7 பேர், பெறாதவர்களுள் 5.9 பேர். இரு பிரிவினருக்கும் சீனியில் இருந்த வேறுபாடு சிறிதே. உயிரில் இருந்த வேறுபாடு பெரிது. பின்னர் வந்த ஆய்வுகளில் இவ்வின மருந்துகள் இருதயப் பலவீனத்தையும், சிறுநீரகம் பழுதாவதையும் தாமதப்படுத்துவதும் தெரியவந்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மாரடைப்பு வந்த ஒருவர், "என் சீனி அளவோடுதானே இருக்கிறது, எனக்கு எதற்குப் புதிய குளிசை?" என்று கேட்டால், அந்தக் குளிசை சீனிக்காக மட்டும் தரப்படுவதன்று என்பதை அவருக்கு விளக்கவேண்டும்.

இதற்கும் கூலி உண்டு. சீனி கலந்த சிறுநீர் போகும் இடத்தில் பூஞ்சணம் பற்றி அரிப்பு உண்டாகலாம். சுத்தமும் தண்ணீரும் போதிய அளவு வேண்டும். உடலின் நீர் வற்றித் தலைசுற்றலாம். அரிதாக, இரத்தத்தில் சீனி மிகாதிருக்கும்போதே அமிலம் பெருகி உயிராபத்து நேரலாம். வாந்திபேதி, கடுங்காய்ச்சல், சத்திரசிகிச்சை, நீருமின்றி இருக்கும் உபவாசம் ஆகிய வேளைகளில் இதனை நிறுத்திவைக்கும்படி வைத்தியர் கூறுவது இதனாலேயே.

இரண்டு குளிசைகளையும் நோயின் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்தால் என்ன என்ற கேள்வியும் ஆராயப்பட்டிருக்கிறது. 34 நாடுகளில் 2,001 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. மெற்போமினை மட்டும் கொண்டு தொடங்கியவர்களில் நூற்றுக்கு 62 பேருக்கு அந்த முதல் வைத்தியம் போதாமற் போயிற்று. வில்டாகிளிப்ரினையும் சேர்த்துத் தொடங்கியவர்களில் 44 பேருக்கே அவ்வாறாயிற்று. பணவசதியுள்ளவர்க்கு இது நல்ல செய்தி. எல்லோர்க்கும் தொடக்கத்திலேயே இரண்டு வேண்டும் என்று நான் சொல்லத் துணியேன்.

பொருந்தாத கூட்டுகளையும் சொல்லவேண்டும். ஒரே குடும்பத்து மருந்துகள் இரண்டைச் சேர்ப்பது வீண்; கிளிக்கிளசைட்டோடு கிளிமிப்பிரைட் வேண்டியதில்லை. இதை வைத்தியர்கள் அறிவார்கள். எனினும் நம் நாட்டிலே இது வேறொரு வழியால் நிகழ்கிறது. அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசமாக மெற்போமின் வாங்கி உட்கொள்ளுபவர், தனியார் வைத்தியர் ஒருவரிடமும் போகிறார். அவர் அழகிய பெயரொன்றைக் கொண்ட கூட்டுக்குளிசையை எழுதுகிறார். அதற்குள்ளேயும் மெற்போமின் இருக்கிறது. பெயர் வேறாதலால் மருந்தும் வேறென்று எண்ணி நோயாளி இரண்டையும் விழுங்குகிறார். வியாபாரப் பெயரை விடுத்து மருந்தின் சொந்தப் பெயரையே எழுதவேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே அவர்கள் 1970களில் இந்நாட்டில் போராடியது ஏன் என்பது இத்தகைய நோயாளியைக் காணும்போது விளங்கும். கிளினிக் கொப்பியும் தனியார் வைத்தியரின் துண்டும் ஒரே பையில் இருக்கட்டும். இரண்டு இடத்திலும் இரண்டையும் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கோ வேறு நோய்க்கோ கொ-றைமொக்சசோல் என்னும் சல்பா மருந்து எழுதப்பட்டால், நீரிழிவுக் குளிசையின் பெயரை உடனே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து சீனியை மிகத் தாழ்த்தியதுண்டு.

பச்சிலை மருந்துகளும் இக்கணக்கில் அடங்கும். கொத்தலகிம்புட்டு மரத்தைக் குடைந்து செய்த கிண்ணத்தில் இரவு முழுவதும் தண்ணீர் வைத்து விடியற்காலையில் பருகும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அதை மூடவழக்கம் என்று ஒதுக்குவதற்கில்லை. அதன் சத்துக்களுள் ஒன்று, மாப்பொருளையும் சீனியையும் குடலில் சிதைக்கும் நொதியங்களைத் தடுப்பது என்று 1990களில் இரசாயன அறிஞர்கள் கண்டார்கள். ஆங்கில வைத்தியத்தில் அகாபோஸ் என்னும் குளிசை செய்யும் வேலையும் அதுவே. அவ்வாறாயின் அந்தக் கிண்ணத்துத் தண்ணீரும் ஒரு மருந்துதான்; மெற்போமினுக்கும் கிளிக்கிளசைட்டுக்கும் மேலே மூன்றாவது மருந்து. வைத்தியர் கோபிப்பார் என்று அதனை மறைப்பவர் பலர். அகாபோஸைப்பற்றி இன்னொன்று: அதனைச் சல்பொனைல்யூரியாவோடு உட்கொள்ளுபவர்க்குச் சீனி தாழ்ந்தால், சீனி போட்ட தேநீர் விரைவில் உதவாது. சாதாரண சீனி குடலில் சிதைந்தாலன்றி இரத்தத்திற் சேராது. அச்சிதைவையே அம்மருந்து தடுத்துவிடுகிறது. அத்தகையவர் வீட்டில் குளுக்கோசு மாப் பெட்டி ஒன்று இருத்தல் வேண்டும்.

விரத காலத்தைப்பற்றி, கந்தசஷ்டி பிடிக்கும் அன்பர்களுக்கும் நோன்பு நோற்கும் இஸ்லாமிய நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. விரதத்துக்கு ஒரு மாதமாவது முன்னதாக வைத்தியரிடம் சொல்லுங்கள். மெற்போமின் மட்டும் உட்கொள்ளுபவர்க்கு வேளையை மாற்றினாலே பெரும்பாலும் போதும். சல்பொனைல்யூரியா உட்கொள்ளுபவர்க்கு அளவைக் குறைக்கவோ, வேறு மருந்துக்கு மாற்றவோ வேண்டிவரும். சிலரை விரதமே வேண்டாம் என்று தடுக்கவும் நேரிடும். வியர்வை, கைநடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் தோன்றினால் அந்தக் கணமே விரதத்தை முறித்து இனிப்பு உட்கொள்ள வேண்டும். கோயில் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது.

தபாலதிபருக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். சோதித்ததில் அவருடைய சிறுநீரகம் வயதுக்கேற்பத் தளர்ந்திருந்தது. கிளிபென்கிளமைட்டை அடியோடு நிறுத்தினோம். மெற்போமினின் அளவைப் பாதியாக்கி, சிறுநீரகத் தளர்ச்சியிலும் அளவு மாற்ற வேண்டாத லினாகிளிப்ரினைச் சேர்த்தோம். எம்பாகிளிபுளோசினையும் எண்ணிப் பார்த்தோம். நீரும் அருந்தாத அவருடைய உபவாசப் பிடிவாதத்தை நினைத்து விட்டுவிட்டோம். அவருடைய மூன்று மாதச் சராசரி முன்பு 6.8 வீதமாக இருந்தது, இப்பொழுது 7.4 ஆக நிற்கிறது. எண் கூடிவிட்டதே என்று மகன் கவலைப்பட்டார். எழுபதைக் கடந்தவருக்கு 7.4 நல்ல எண், முந்திய 6.8தான் மயக்கத்தின் விளிம்பில் நின்ற எண் என்று சொன்னேன். மருந்துச் செலவு மாதந்தோறும் கூடியிருக்கிறது. அதை மகன் ஏற்றுக்கொண்டார்.

சென்ற ஐப்பசியிலும் பெரியவர் விரதம் பிடித்தார். ஐந்து நாளும் மாலையில் பாலும் பழமும் உண்ணும்போது மெற்போமினை எடுத்துக்கொண்டார். ஆறாம் நாள் தண்ணீர் அருந்துவதற்கு மட்டும் என் வற்புறுத்தலால் இணங்கினார். அன்று இரவு தொலைபேசியில் அழைத்து, இம்முறை சூரனுடைய தலை விழுந்ததைத் தம் கண்ணாலேயே கண்டதாகச் சொன்னார்.